தூக்கத்துக்கு அரைப் பக்கம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பதினேழு வருடங்களாக ஒரு பதிப்பகத்தில் கைப்பிரதி வாசிப்பது என் வேலை. வருகிற நாவல்களைப் படித்து, போடலாமா வேண்டாமா என்று ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதித் தருவேன். முடிவெடுப்பவர் பதிப்பாளர். வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பும் கடிதம் மட்டும் என் கைவண்ணம். 'தங்கள் படைப்பைப் பரிவுடன் வாசித்தோம்' என்று தொடங்கும். அதைக் கையில் வாங்குகிறவர்களுக்கு முகம் உண்டு என்பது, அப்படி வாங்கிய ஒரு பெண்ணை நேரில் பார்க்கும்வரை எனக்கு உறைக்கவில்லை.

அவளைப் பற்றி எழுத உட்கார்ந்து மூன்று தொடக்கங்களைக் கெடுத்தாயிற்று.

'எழுத்தாளராக வேண்டும் என்று அவள் சிறு வயதிலிருந்தே...' வேண்டாம். ஆசைப்பட்டவர்கள் ஆயிரம் பேர். இவள் எழுதியவள்.

'நான்காவது மாடிப் படிக்கட்டில், ஜன்னல் வெளிச்சத்தில், ஒரு பெண்...' அந்தப் படிக்கட்டில் ஜன்னலே கிடையாது. நான் போய்ப் பார்த்தேன்.

'அவளுடைய அப்பா இறந்த மதியம் அவள்...' இதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

சாதாரணமாகவே தொடங்குகிறேன்.

2

ஆபீஸில் அவளுக்குப் பெயர் கமா. ஒரு பெரிய மருத்துவமனையில், டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு அறிக்கையாகத் தட்டச்சு செய்வது அவள் வேலை. டாக்டர்கள் மூச்சுவிடாமல் பேசுவார்கள். இவள் வாக்கியத்துக்கு நடுவே கமா போட்டு, மூச்சுவிட இடம் வைத்துத் தட்டுவாள். "நான் பேஷன்ட்டைப் பார்த்துக்கிறதைவிட நல்லா என் வாக்கியத்தை இவங்க பார்த்துக்கிறாங்க" என்று எலும்பு டாக்டர் ஒருமுறை சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது.

மதிய இடைவேளை நாற்பது நிமிடம். பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு நான்காவது மாடிக்கு மேலே, லிஃப்ட் இயந்திர அறைக்குப் போகும் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்வாள். முழங்கால்மேல் நோட்டு. கதவுக்குப் பின்னால் மோட்டார் உறுமிக்கொண்டே இருக்கும். இப்படி ஆறு வருடம்.

துப்புரவு வேலை செய்யும் அம்மா ஒருநாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "தினமும் யாருக்கும்மா இவ்வளவு நீளமா லெட்டர் எழுதுற?"

"தெரியலைம்மா. அட்ரஸ் இன்னும் கிடைக்கல."

முதலில் எழுதியது ஒரு கப்பலைப் பற்றிய நாவல். கப்பலை அவள் படத்தில்தான் பார்த்திருந்தாள். எங்களுக்கு அனுப்பினாள். பரிவுடன் வாசித்தோம். திருப்பி அனுப்பினேன். இன்னும் மூன்று பதிப்பகங்களும் அப்படியே செய்தன.

(கப்பல் நாவலில் ஒரு வரிகூட எனக்கு நினைவில் இல்லை. கடிதத்தில் 'சிறப்பான முயற்சி' என்று எழுதியிருந்தேனாம். அவள் சொல்லித்தான் தெரியும்.)

3

இரண்டாவது நாவல், படுக்கையில் கிடக்கும் தகப்பனைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு சகோதரிகளைப் பற்றியது. அதில் பதினோராம் அத்தியாயம் பதினான்கு பக்கம். தகப்பனுக்கு மூச்சு திணறுகிறது. கைக்கெட்டும் தூரத்தில் போன். மூத்தவள் அதை எடுக்கவில்லை. அவர் கையைப் பிடித்தபடி, மூச்சு நிற்கும்வரை உட்கார்ந்திருக்கிறாள். படித்து முடித்ததும் நான் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

கற்பனையல்ல அது. கமாவின் அப்பா மூன்று வருடம் அவளுடைய அக்காவின் வீட்டில் படுக்கையில் இருந்து இறந்தார். அக்கா வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். அப்பா போன சில மாதங்களுக்குப் பிறகு, காய்ந்த துணியை மடித்துக்கொண்டே அக்கா சொன்னாள்: "நான் போன் பண்ணலடி. பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். அவர் பட்டது போதும்னு தோணுச்சு." அவ்வளவுதான். அடுத்த துணியை எடுத்தாள். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பேசவேயில்லை. கமா பேசுவதற்குப் பதிலாக எழுதினாள்.

பதிப்பாளர் தாமே போன் செய்தார். "புத்தகத்தைப் போடறோம்மா. அந்தப் பதினோராவது அத்தியாயத்துக்காகவே போடறோம். அதுல ஒரு எழுத்தைக்கூட மாத்திடாதீங்க."

அன்று மதியம் அவள் நோட்டு இல்லாமல் படிக்கட்டில் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் வயிற்று டாக்டர் போனில் கூப்பிட்டார்: "நோயாளி பூரண மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினார்னு அடிச்சிருக்கீங்களே, நான் குணம்னுதானே சொன்னேன்?"

4

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அக்கா படித்துவிட வேண்டும் என்று கமாவுக்குத் தோன்றியது. கைப்பிரதியைக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை போனாள். அக்கா ஒரு பள்ளிக்கூடச் சீருடையின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"படிச்சியாக்கா?"

"படிச்சேன்."

"கோபமா?"

"கோபம் எதுக்கு? ஒண்ணு கேட்கணும். அப்பா கையப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காளே, அவ யாரு?"

"நீதான்க்கா."

"நான் இல்ல. நான் தூங்கிட்டேன்."

(இந்த இடத்தில் 'தையல் இயந்திரம் நின்றது' என்று எழுதி அடித்துவிட்டேன். அது ஓடவேயில்லை என்று கமா சொன்னாள். அக்கா பிளேடால் நூலை அறுத்துக்கொண்டேதான் இருந்தாளாம்.)

"ரெண்டு நாளா கண்ணே மூடல. ரெண்டு மணிக்கு நீ வந்துருவேன்னு பார்த்தேன். நீ வரல. நாற்காலியில சாஞ்சேன், அவ்வளவுதான் ஞாபகம். முழிச்சுப் பார்த்தா அவர் இல்ல. என்னைக் கூப்பிட்டாரான்னுகூட எனக்குத் தெரியாது."

"அப்புறம் ஏன் என்கிட்ட அப்படிச் சொன்ன?"

"முடிவெடுத்தேன்னு சொன்னா அதுல ஒரு கௌரவம் இருக்குடி. தூங்கிட்டேன்னு எப்படிச் சொல்றது?"

கமா தரையில் விழுந்த நூல்துண்டுகளைப் பொறுக்கினாள்.

"உன் கதையில அவ ரொம்ப நல்லா இருக்கா," என்றாள் அக்கா. "அவளாவே இருந்திருக்கலாமேன்னு ஏக்கமா இருந்துச்சு. ஆனா புத்தகம் வந்து எல்லாரும் அது நான்தான்னு நினைச்சாங்கன்னா, மிச்சக் காலம் பூரா நான் அவளா நடிக்கணும். என்னால ஆகாது."

5

ரெண்டு மணிக்கு நீ வந்துருவேன்னு பார்த்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் இந்த ஒரு வரிதான் அவள் காதில் ஓடியது. நாவலில் இளையவள் அன்று வெளியூரில் இருப்பாள். அப்படி எழுதியது வசதியாக இருந்தது.

நடந்தது வேறு. அன்று கமாவுக்கு அரை நாள் விடுப்பு. ஒரு மணிக்கே வேலை முடிந்துவிட்டது. கப்பல் நாவலின் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. பத்து நிமிடம் எழுதிவிட்டுப் போகலாம் என்று படிக்கட்டில் உட்கார்ந்தாள். எழுந்தபோது மூன்றே கால். அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நான்கு. ஆபீஸில் பிடித்து வைத்துவிட்டார்கள் என்று சொன்னாள். அக்கா நம்பினாள், அல்லது அதைக் கேட்கும் நிலையில் இல்லை.

(நான் படித்து மறந்துபோன நாவல் அதுதான். இதை ஒரு தனிப் பத்தியாக எழுத முயன்றேன். முதல் வரியைத் தாண்ட முடியவில்லை.)

மூன்று வாரம் கமா அந்த அத்தியாயத்தோடு மல்லுக்கட்டினாள். பதினான்கு பக்கம் சுருங்கிச் சுருங்கி அரைப் பக்கமானது. அது இப்படி முடியும்:

'அக்கா தூங்கிவிட்டாள். இரண்டு மணிக்கு வர வேண்டிய தங்கை நான்கு மணிக்கு வந்தாள். ஆபீஸில் அவளுக்கு வேலை எதுவும் இருக்கவில்லை. அவள் படிக்கட்டில் உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருந்தாள்.'

எங்களுக்கு ஒரு பிரதி அனுப்பினாள். நான் 'போடலாம்' என்று குறிப்பு எழுதினேன். ஒரு பக்கம் எழுத வேண்டிய இடத்தில் அந்த ஒரு சொல்தான் எழுத முடிந்தது. பதிப்பாளர் அதைத் தள்ளி வைத்தார். "பதினாலு பக்கம் உயிரை உருக்கிட்டு, இப்போ தூங்கிட்டாளாம்! யாருய்யா படிப்பா? பழையதைத் திரும்ப வைக்கச் சொல்லுங்க. இல்லேன்னா விட்ருங்க."

வழக்கமான கடிதத்தை அனுப்ப எனக்குக் கை வரவில்லை. நேரில் வரச் சொன்னேன். அப்போதுதான் அவளை முதன்முதலாகப் பார்த்தேன். தோளில் துணிப்பை, வெயிலில் நடந்து வந்த முகம்.

"பழையது நல்லா இருக்கு சார், எனக்கும் தெரியும்," என்றாள். "நான் எழுதினதுலயே அதுதான் நல்லா இருக்கு. அதைப் போடறதா இருந்தா புத்தகம் வேண்டாம்."

வருடக்கணக்கான உழைப்பைப் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். இப்போது அது வேறொரு பதிப்பகத்தில் இருக்கிறது. எட்டு மாதமாகப் பதில் இல்லை. மூன்றாவது நாவலில் நாற்பது பக்கம் ஆகியிருக்கிறது.

6

ஒன்று மட்டும் பாக்கி. எங்களுக்கு அனுப்புவதற்கு முன்பே அந்த அரைப் பக்கத்தை அவள் அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதில் படிக்கட்டு இருக்கிறது, அங்கே உட்கார்ந்து எழுதிய கதை இருக்கிறது. அக்கா அதுவரை அறியாதது எல்லாம் அதில் இருக்கிறது.

அக்கா என்ன சொன்னாள்?

முதல் முடிவு: தங்கையைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். (எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது.)

இரண்டாவது: தாளைத் திருப்பிக் கொடுத்து, 'இனிமே இங்க வராத' என்கிறாள். (சொல்லலாம். சொன்னால் நியாயம்தான்.)

மூன்றாவது: தாளை மடித்து வைத்துவிட்டு, 'கதையாவது நல்லா வந்துச்சா?' என்று... (இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே சந்தேகம் வந்தது.)

ஆகவே மருத்துவமனை கேன்டீனில் டீயை வைத்துக்கொண்டு அவளிடமே கேட்டேன். மற்ற எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னவள், மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"என்னைப் பத்தி என்ன வேணும்னாலும் எழுதிக்கோங்க சார். ஆனா அக்காவை ஒரு தடவை நான் எழுதி முடிச்சேன். தப்பா முடிச்சேன். நீங்களும் முடிச்சு வைக்காதீங்க."

மூன்றையும் அடித்துவிட்டேன். கீழே காலியாகக் கிடக்கும் இடத்தில் நீங்கள் எதையாவது எழுதிக்கொள்வீர்கள். தடுக்க என்னால் முடியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அக்கா மடியில் கிடந்த துணியை ஒதுக்கி வைத்துவிட்டு, தாளை வாங்கிக்கொண்டாள். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டாள். தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

வாருங்கள், நாம் வெளியே நிற்கலாம். அவள் படிக்கட்டும்.