எழும்பாத மூன்றாவது கோடு

பரிசோதனைக்கூடக்காரர் கருவியைத் திட்டித் தீர்த்தார். வைரஸின் மரபணுவை மூன்று இடங்களில் தேடும் சோதனை அது; கண்டுபிடித்த இடத்துக்கு ஒரு கோடு திரையில் எழும்பும். அவருடைய மச்சினனின் சளி மாதிரியில் இரண்டு கோடுகள் எழும்பின, மூன்றாவது படுத்தே கிடந்தது. கருவிக் கோளாறாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு மறுபடி ஓட்டினார். அதேதான். கருவி யோக்கியம், வைரஸ்தான் அந்த ஓரிடத்தில் உருமாறியிருந்தது.

வாசலில் மச்சினன் நின்றான். நேற்றுப் பிறந்த மகளை அவன் இன்னும் பார்க்கவில்லை.

"மாமா, பாஸா?"

"ஃபெயிலு மாப்ள. புது வேஷத்துல வந்திருக்கு."

"ஊசி போட்டேனே!"

"அதனாலதான் நின்னு பேசுற."

அவன் முகம் தொங்கியது. மாமா அவனைப் பிரசவ வார்டின் ஜன்னலுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினார். கண்ணாடிக்கு உள்ளே அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். அது கொட்டாவி விட்டது.

"என்னை மதிக்கவே இல்ல மாமா," என்று மாஸ்க்குக்குள் அழுதான் அவன்.

"அப்படியே உன் சோம்பேறித்தனம்," என்றார் மாமா, தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி.