தூண்டிலோடு ஒரு பஸ் நிறுத்தம்

வெளிநாட்டுக்குப் போய் ஒரு கம்பெனியில் சேர்ந்த மூன்றாம் மாதமே கணக்காளர் அந்த ஊர்க்காரராகிவிட்டார். அப்படித்தான் சொந்த ஊரிலிருக்கும் அக்காவிடம் வாரம் தவறாமல் பீற்றிக்கொண்டார். வேலை பார்க்கும் ஊரில் ஞாயிற்றுக்கிழமையானால் மீன் பிடிக்கப் போகிறார்கள் என்று இவரும் ஒரு தூண்டில் வாங்கினார். இதுவரை அதில் சிக்கியது இவருடைய தொப்பி மட்டும்தான். டாக்ஸியில் போவதெல்லாம் வந்தேறிகளின் வேலையாம். உள்ளூர்க்காரன் பஸ்ஸில்தான் போவானாம்.

அந்த ஞாயிறும் தூண்டிலும் கையுமாக பஸ் நிறுத்தத்தில் நின்றார். ஈ காக்காய் இல்லை. 'சோம்பேறிங்க, இன்னும் தூங்குறாங்க' என்று ஊரையே பெரிய மனதோடு மன்னித்துவிட்டு, செல்போனில் செய்தி படித்தார். எந்த ஊர்ச் செய்தி? அக்கா இருக்கும் ஊர்ச் செய்திதான். பதறிப்போய் அவளுக்குப் போன் போட்டார்.

"அக்கா, நம்ம தெருவுல சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருக்காங்களாமே! பாத்து நட."

"அப்படியா? நான் இன்னும் வாசலுக்கே போகலடா. நீ எங்க இருக்க?"

"பஸ்ஸுக்கு நிக்கிறேன். மீன் பிடிக்கப் போகணும்ல?"

"அடப்பாவி, அங்க நேத்துலேருந்து பஸ் ஸ்ட்ரைக்குடா! நீ இருக்கியேன்னு நான் தினமும் அந்த ஊர் நியூஸத்தான் பாக்குறேன். உனக்குத் தெரியாதா?"

கணக்காளர் ஆளில்லாத சாலையை இரண்டு பக்கமும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தெரியாம என்னக்கா? ஸ்ட்ரைக் அன்னைக்கு இப்படி வந்து நிக்கிறதுதான் இங்க வழக்கம்."