ஏழுகல் தோடும் பலாக் கிண்ணமும்

என் வீட்டுக்காரர் செத்த இருபத்திரண்டாம் நாள் நான் வேலைக்குப் போனேன். அதற்கு ஆளுக்கொரு பேச்சு. மாமியார் ஜெகதாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் கிளம்பிவிட்டாள் பார் என்று நாத்தனார் அண்ணனூர் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். அவள் சொன்னது பொய்யில்லை. நான் அழவில்லை. வந்தால் அழமாட்டேனா? நெஞ்சுக்குள் ஈரத்துணியைத் திணித்து வைத்த மாதிரி இருந்தது. சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. யார் எதைச் சொன்னாலும் சரி சரி என்றேன். வீட்டில் உட்கார்ந்து சொல்கிற சரியை அம்பத்தூர் எஸ்டேட்டில் உட்கார்ந்து சொன்னால் என்ன குறைந்துவிடும் என்றுதான் ரயில் ஏறினேன்.

என் வேலை, கேட்பது. சிரிக்காதீர்கள், அதற்கும் சம்பளம் உண்டு. எங்களுடையது சின்னக் கம்பெனி. ஒரு வருஷமாக, தொண்ணூற்றாறிலிருந்து, ஜப்பானுக்கு மரத்தில் ஹெட்போன் செய்து அனுப்புகிறார்கள். பிளாட்பாரத்தில் தொங்கவிட்டு விற்கிற சாமான் இல்லை. இரண்டு பக்கமும் மரத்தில் கடைந்த கிண்ணம், பின்னால் ஓட்டை கிடையாது, காதை முழுசாக மூடும். ஒன்றின் விலைக்கு ஒரு கலர் டிவியே வாங்கலாம். முடிந்து வருகிற ஒவ்வொன்றையும் நானும் தாட்சாயிணியும் தலையில் மாட்டி, ஒரே சி.டி.யைப் போட்டுக் கேட்டு, சத்தம் எப்படி, காது வலிக்கிறதா என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். இரண்டு கையெழுத்து இல்லாமல் எதுவும் வாசலைத் தாண்டாது. மேனேஜர் ஜானகிராமன் சாரே கேட்டுத் தொலைக்கலாமே என்பீர்கள். அவர் இருபது வருஷம் ஆவடியில் டாங்கி இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தவர். பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் இரண்டாம் தடவைதான் திரும்புவார். எங்கள் காதுதான் அவருக்கும் காது.

வீட்டுக்காரர் போவதற்கு முந்தின வாரம் இரண்டு மாதிரிகள் என் மேஜைக்கு வந்திருந்தன. ஒன்று ஈட்டி மரம். கிண்ணம் வெளியூரிலிருந்து கடைந்து வந்தது. நல்ல கனம். காதில் படுகிற மெத்தை விரல் தடிமன், பூனை வயிறு மாதிரி மெத்தென்று இருக்கும். அரைமணி போட்டால் கழுத்து இறங்கிவிடும், காதுக்குள் வியர்த்துக் கொட்டும். ஆனால் மிருதங்கத்தின் இடது பக்கம், தொப்பி என்பார்களே, அந்த அடித்தொண்டைச் சத்தம் நிறைந்து வரும்.

இன்னொன்று பலா. அது எங்கள் ஷெட்டிலேயே ஜம்புலிங்கம் கடைந்தது. தலையில் இருப்பதே தெரியாத அளவு லேசு. மெத்தை மட்டும் ஒல்லி, கொஞ்சம் விறைப்பு. பாடுகிறவள் எதிரில் உட்கார்ந்து மூச்சுவாங்குவதுகூடக் கேட்டது. ஆனால் தொப்பி இல்லை. தகர டப்பாவில் தட்டினமாதிரி இருந்தது. காதுமடல் கீழே குத்தியது. தாட்சாயிணிக்கும் அப்படியேதான். பலா வேண்டாம் என்று இரண்டு பேரும் எழுதினோம்.

அந்தத் தாளுக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தான். ஈட்டிதான் என்று முடிவானால் கிண்ணமெல்லாம் வெளியிலிருந்து வந்துவிடும், கடைசல் பட்டறையை மூடிவிடுவார்கள், மாசக் கடைசியோடு ஜம்புலிங்கத்துக்கு வேலை இல்லை. குத்தம்பாக்கத்திலிருந்து வருகிறவன். வீட்டில் கைக்குழந்தை. அவன் என் மேஜை ஓரத்தில் வந்து நின்றான்.

"யக்கா, மிருதங்கமே பலாவுலதான் செய்றாங்கோ. அதுல தொப்பி பேசலன்னா வேற எதுல பேசும்?"

"உன் மரத்துக்காக நான் பொய் எழுத முடியுமா?" என்று எரிந்து விழுந்தேன். வாய் என்னுடையது, தெரிந்ததுதானே. அவன் பட்டறைக்குத் திரும்பிப் போய்விட்டான். அதற்கு நாலாம் நாள், மின்சார ரயில் ரிப்பேர் பார்க்கிற அண்ணனூர் கார் ஷெட்டில், ஷிப்டு முடிந்து கையைக் கழுவிக்கொண்டிருந்த உத்தமன் அப்படியே சாய்ந்தார். என் வீட்டுக்காரர். அந்தக் கதையை நான் சொல்லப்போவதில்லை, சொல்ல ஒன்றும் இல்லை.

நான் திரும்பி வந்த அன்று வெள்ளிக்கிழமை. பெட்டி திங்கட்கிழமை விமானம் ஏறவேண்டும். கடைசியாக ஒரு தடவை கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், வழக்கத்துக்குத்தான் என்று ஜானகிராமன் சார் இரண்டையும் கொண்டுவந்து வைத்தார். என் நெற்றியைப் பார்க்காமலே பேசினார். சரி என்றேன்.

ஈட்டியை மாட்டினேன். அதே கனம், அதே சத்தம். கழற்றிவிட்டுப் பலாவை மாட்டினேன். மிருதங்கம் தொடங்கியது. தொப்பி பேசியது. ஈட்டியில் வருகிற கொழகொழப்பு இல்லாமல், அளவாக, கும்மென்று. அதற்கும் கீழே தம்புராவின் முனகல்கூட வந்தது. எனக்கு அது பிடித்தது என்று சொல்லமாட்டேன், அந்த நாளில் எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. ஆனால் காதுக்குத் தெரிந்தது. செட்டை மாற்றிவிட்டார்களோ என்று திருப்பிப் பார்த்தேன். ஜம்புலிங்கம் பென்சிலில் எழுதின ஏழாம் நம்பர். அதேதான்.

குத்தின இடம் ஏன் குத்தவில்லை என்று காதுமடலைத் தடவினேன். வெறும் ஓட்டை. பத்தாம் நாள் தாலியோடு தோட்டையும் கழற்றிவிட்டார்கள், எங்கள் பக்கத்து வழக்கம் அது. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் ஏழுகல் தோட்டோடுதான் கேட்டிருக்கிறேன். ஒல்லி மெத்தை தோட்டின்மேல் ஏறி நின்று, அந்த இடுக்கு வழியாகத் தொப்பிச் சத்தம் முழுக்க வெளியே போயிருக்கிறது. ஈட்டியின் தடி மெத்தை தோட்டையே விழுங்கிவிட்டது. ஜப்பானில் தோடு போட்டுக்கொண்டு எவன் கேட்கப்போகிறான்? ஓட்டையை எங்கள் காதில் வைத்துக்கொண்டு மரத்தைக் குறை சொல்லியிருக்கிறோம்.

போய்ச் சொன்னேன். ஜானகிராமன் சார் மெத்தைக்கு அடியில் என் விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார். தொப்பி போய்விட்டது. ஈட்டியிலும் விடச் சொன்னார். அதிலும் போய்விட்டது. விரலை விட்டால் எதிலும்தான் போகும், இதை வைத்து எழுத முடியாது என்றார். அது நியாயம்தான். தோட்டோடும் தோடு இல்லாமலும் ஒரே காதில் கேட்கவேண்டும். நான் தாட்சாயிணியைத் திரும்பிப் பார்த்து, உன் தோட்டைக் கொஞ்சம் கழற்றேன் என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. ஸ்குரூ டிரைவர் கேட்கிற மாதிரிக் கேட்டுவிட்டேன். அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"தப்பா நெனைக்காத யக்கா. வெள்ளிக்கெழம. அவரு திருவேற்காட்ல வேன் ஓட்டிகினு கீறாரு. நீ கேட்டு நான் கழட்டினேன்னா..." என்று நிறுத்திக்கொண்டாள்.

நீ கேட்டு. மற்ற நாளாக இருந்தால் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்றைக்கு அது கல்லில் ஊற்றின தண்ணீர் மாதிரிப் போய்விட்டது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இன்னும் ஒரு வாரம் வீட்டில் இருந்துவிட்டு வாருங்கள் என்றார் ஜானகிராமன் சார். மனசு சரியில்லாதபோது காதும் சரியாக இருக்காதாம். பழையபடியே ஈட்டிக்குப் போட்டுவிடலாம் என்று தாளை என் பக்கம் தள்ளினார். சரி என்று சொல்ல வாயும் எடுத்துவிட்டேன்.

ஜம்புலிங்கம் மரத்தூளோடு கதவோரம் வந்து நின்றிருந்தான். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"உடு யக்கா. உன் ஊட்ல நடந்ததுக்கு முன்னாடி இது இன்னா பெரிசு" என்றான்.

அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. இருபத்திரண்டு நாளில் முதல் தடவை. வேலை போகிறவன் அவன், தப்பாக எழுதினவள் நான், அவன் எனக்கு ஆறுதல் சொல்கிறான். என் தலையெழுத்துக்கு அவன் ஏன் சோறு இழக்கவேண்டும்?

பையைத் திறந்தேன். பத்தாம் நாள் நாத்தனார் தோட்டைப் பேப்பரில் மடித்துத் திணித்த பொட்டலம் அடியில் அப்படியே கிடந்தது. நான் அதை எடுத்துவைக்கவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. பிரித்தேன். தோட்டை ஓட்டையில் விட்டுத் திருகினேன். வலது பக்கம் ஏறிவிட்டது. இடது பக்கத் திருகாணி பிடிக்கவில்லை. தாட்சாயிணி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கிட்டே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், அவளே திருகிவிட்டாள்.

பலாவை மாட்டினேன். தகர டப்பா. பக்கத்தில் காதை வைத்துக் கேள் என்று தாட்சாயிணியிடம் சொன்னேன். குனிந்து கேட்டாள். மிருதங்கம் வெளியே வருகிறது என்று ஜானகிராமன் சாரிடம் இரண்டு தடவை சொன்னாள். ஈட்டியை மாட்டினேன். அதில் ஒன்றும் வெளியே வரவில்லை. இனிமேல் தோடு இல்லாமல் பலாவைக் கேட்கவேண்டும், அவ்வளவுதான் மிச்சம்.

கையைத் திருகாணிக்குக் கொண்டுபோனேன். அதைத் திருகக் கை வரவில்லை.

பத்தாம் நாள் விடியலில் மூன்று பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு கழற்றினார்கள். யாருடைய காதிலோ கழற்றுகிற மாதிரி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தோடு கல்யாணமான மறுவருஷ போனஸில் அவர் வாங்கினது. திருகாணி எனக்குப் பிடிபடாது. அவர்தான் திருகிவிடுவார், எத்தனை சோப்புப் போட்டாலும் விரலில் கிரீஸ் வாசனை போகாது, வலிக்குதா வலிக்குதா என்று கேட்டுக்கொண்டே திருகுவார். அவர்கள் கழற்றினது வழக்கத்துக்கு. இப்போது கழற்றப்போவது நான். எல்லாரும் காத்திருந்தார்கள். ஜம்புலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான்.

கழற்றினேன். வலது. பிறகு இடது. இரண்டையும் மேஜைமேல் வைத்துவிட்டுப் பலாவை எடுத்து மாட்டிக்கொண்டேன். தொப்பி வந்தது. கும்மென்று, பக்கத்தில் படுத்திருக்கிற மனுஷனின் மூச்சு மாதிரி வந்தது. அப்போதுதான் அழுதேன். வாய்விட்டு, அசிங்கமாக, மூக்கு ஒழுக அழுதேன். காது இரண்டும் மூடியிருந்ததால் என் அழுகை எனக்கே தூரத்தில் கேட்டது. தாட்சாயிணி என் தோளைப் பிடித்துக்கொண்டு, காதைக் கிண்ணத்தின்மேல் வைத்துக் கேட்டாள். ஒன்றும் வெளியே வரவில்லை என்று கையை ஆட்டிக் காட்டினாள்.

பழைய தாளைக் கிழித்துவிட்டு ஜானகிராமன் சார் பலாவுக்குப் புதுத் தாள் கொடுத்தார். முதலில் தாட்சாயிணி கையெழுத்துப் போட்டாள். ஜம்புலிங்கம் கடைசலுக்குத் திரும்பிப் போய், நின்றிருந்த மோட்டாரைப் போட்டான். நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சத்தம் எப்படி என்ற இடத்தில் நிறைவு என்று எழுதினேன். காது வலிக்கிறதா என்ற இடத்தில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.