புட்டி வைக்காத கல்

கடையில் கல்லைக் கண்டதும் றொபேட் முதலில் செய்த வேலை, இடுப்பில் செருகியிருந்த ஆணியை எடுத்து அதில் குத்திப் பார்த்ததுதான். குச்சவெளிக் கரையில் தலை நரைக்கும்வரை வள்ளம் கட்டிய மனிதர். பலகை வாங்குவதும் அப்படித்தான். ஆணி இறங்கினால் புழு தின்ற பலகை, திருப்பி அனுப்பிவிடுவார்.

கல்லில் ஆணி இறங்கவில்லை. ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. செம்மணற்கல்லின் மேல் விரல் தடிப்பில் கோடுகள் வளைந்தும் நெளிந்தும் ஓடின.

"புழு திண்ட கல்லுத் தம்பி. ஓட்டைக்குள்ள புட்டிப் பசை வெச்சு மறைச்சிருக்கு. இந்த விளையாட்டெல்லாம் நான் வள்ளத்தில பாத்தனான்."

கடைக்காரன் றுவைஸ் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். றொபேட் பொறுப்பாக நின்று கட்டுவிக்கும் கரையோரச் சிற்றாலயத்தின் வாசல்படிக்கு இந்தியாவிலிருந்து இந்தக் கல்லை எடுப்பித்தவள் இன்ஷிரா. அவன் கறுப்புக் கல்தான் எடுக்கச் சொன்னான். "இது திரும்பி வந்தா, இனிக் கல் பாக்கிற வேலை உனக்கில்ல" என்று அன்றைக்கே சொல்லியும் வைத்திருந்தான்.

"மெசின் போட்டுக் கோடெல்லாத்தையும் தேய்ச்சுத் தாறன் அண்ணன்" என்று றுவைஸ் வயரை இழுத்தான்.

"தேய்க்க ஏலாது நானா" என்று தமையனைத் தடுத்த இன்ஷிரா, றொபேட்டிடம் திரும்பினாள். "அண்ணன், புழு போனதெண்டது உண்மை. ஆனா அது கல்லைத் தின்னேல்ல. புழு போன காலத்தில இது கல்லே இல்ல, கடலடி மண்."

கல் வந்து இறங்கிய அன்று அந்தக் கோடுகளைக் கண்டு அவளும் பயந்துதான் போனாள். பிறகு போனில் தேடித் தேடி வாசித்தாள். வாசிக்க வாசிக்கப் பயம் போய்விட்டது.

"ஐம்பது கோடி வருசத்துக்கும் மேல. அதுக்கு முதல் கடலடி மண்ணைத் துளைக்க ஒரு உயிரும் இல்லையாம். மேல பாசி தோல் மாதிரி மூடிக் கிடந்ததாம். முதல் முதல் அதைக் கிழிச்சு மண்ணுக்குள்ள போன சீவன்களிட வழி இது."

"நீ கூடவே போனனியோ?" என்றார் றொபேட்.

றுவைஸ் சிரித்துவிட்டான். இன்ஷிரா சிரிக்கவில்லை. அதே கல்லில் வெட்டி மிஞ்சிய துண்டை உள்ளேயிருந்து தூக்கி வந்தாள்.

"புட்டி வெச்சா வெளியிலதான் வெக்கலாம். உள்ளுக்கு ஆரும் கை விட்டிருக்க ஏலாது. பிளந்து பாப்பம்."

துண்டின் ஓரத்தில் ஏடு ஏடாகப் படிந்த இடம் பார்த்து உளியை வைத்துத் தட்டினாள். உடையாமல் பிரிந்தது. உள்ளே மொட்டையாக இருந்தது. ஒரு கோடுகூட இல்லை.

"புழு லீவு போல" என்றார் றொபேட்.

"போதும் புள்ள" என்றான் றுவைஸ். மெசின் இரையத் தொடங்கியது.

அவள் நிமிரவில்லை. எல்லா ஏட்டிலும் வழி இருக்காதென்று அவளுக்குத் தெரியும். உளியை இன்னும் கீழே இறக்கி மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டே போனாள். கல் இரண்டாக விரிந்தது.

ஒரு பக்கம் நெளிந்து போகும் வாய்க்கால். மறுபக்கம் அதே நெளிவில் ஒரு வரம்பு. சேர்த்து வைத்தால் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியது.

றொபேட் வாய்க்காலுக்குள் சுண்டுவிரலை வைத்து முடிவுவரை ஓட்டினார். பிறகு முதலில் இருந்து இன்னொருமுறை.

"மெசினை நிப்பாட்டு தம்பி" என்றார். "தேய்க்க வேண்டாம். கோடு மேல தெரியத்தான் போடோணும். எங்கட மேசன் தெரியாமக் கோடு கீழ போகக் கவிட்டுப் போட்டிருவான். நாளைக்குத் தங்கச்சி வந்து நிண்டு காட்டட்டும்."

றுவைஸ் வாய் திறப்பதற்குள் இன்ஷிரா சொன்னாள்: "வாறன் அண்ணன். நானா கூட்டிக்கொண்டு வருவார்."