மலையில் கரைத்த சாம்பல்

செத்தவீட்டுத் துடக்குத் தீட்டுக் கழியமுன் பிளேன் ஏறினவள் என்று லண்டன் இல்ஃபோர்ட் முழுக்கச் சந்திரவதனாவுக்குப் பெயர் வந்துவிட்டது. கணவர் ஆனந்தராஜா போய் மூன்று கிழமைகூட ஆகவில்லை. அதற்குள் மகள் பிரசாந்தினியோடு அமெரிக்காவுக்குப் போனாள், அதுவும் மலையேற! சொல்லுகிற சனம் சொல்லட்டும். அவளுக்குப் பயம் ஒரே ஒருவரிடம்தான்: டூட்டிங்கில் இருக்கிற மச்சாள் நகுலேஸ்வரி. தாயில்லாத ஆனந்தராஜாவை இடுப்பில் தூக்கி வளர்த்த தமக்கை. இந்த நாட்டில் அவர் பக்கத்து உறவென்று வேறு ஒருவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தியேட்டி. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு மச்சாள் வராவிட்டால் அது என்ன கிரியை?

"சாம்பலைக் கடலிலை கரைச்சுப்போடு. சவுத்எண்டிலை போட் பிடிக்கலாம்," என்று செத்தவீட்டன்றே மச்சாள் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார்.

"ஓம் மச்சாள்," என்று இவளும் தலையாட்டியிருந்தாள்.

சிக்கல் என்னவென்றால், ஆனந்தராஜாவுக்கும் அவள் ஓர் ஓம் சொல்லியிருந்தாள். மனிசனுக்குக் கல்லுப் பைத்தியம். கிழமை நாட்களில் ஊராரின் வரிக் கணக்குப் பார்ப்பார். ஞாயிறானால் கென்ட் பக்கத்துக் கடற்கரைகளில் குனிந்துகொண்டு திரிவார். கல்லாகிப்போன சிப்பி, கல்லாகிப்போன நத்தை என்று குசினி ஜன்னலில் கறிவேப்பிலைச் சாடி வைக்கவும் இடமில்லை. டெக்சாஸ் பாலைவனத்தில் செங்குத்தான மலைப்பாதை ஒன்று இருக்கிறதாம், வழிநெடுக இந்தமாதிரி ஃபொசில்தானாம். அதற்காகக் கார்பார்க் மாடிப்படிகளில் அரிசிப் பையை முதுகில் போட்டுக்கொண்டு ஏறிப் பழகினார். மூன்று பேருக்கும் டிக்கெட்டும் போட்டார்.

"நான் செத்தால் அங்கை கொண்டுபோய் விடு," என்று ஒருநாள் இளித்தார்.

"ஓம் ஓம். முதல் அந்த அரிசியை இறக்குங்கோ, உலை கொதிக்குது."

கொஞ்ச நாளில் ஒரு காலை, தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தபடியே போய்விட்டார்.

அவருடைய முதுகுப்பையில்தான் சாம்பலைக் கொண்டுபோனாள். மலையில் விடுவதா, திருப்பிக் கொண்டுவந்து சவுத்எண்டுக்குப் போவதா? அடிவாரத்தில் நிற்கும்போதும் முடிவில்லை. அங்கே சாம்பல் விடப் பிரசாந்தினி முன்கூட்டியே பூங்காக்காரருக்கு எழுதிக் கேட்டு அனுமதி எடுத்திருந்தாள். "சும்மா ஒரு ஒப்ஷனுக்கு அம்மா," என்றாள்.

அப்பப்பா, என்ன மலை! நிழலுக்கு ஒரு மரமில்லை. கள்ளியும் முள்ளும் சரளைக்கல்லும்தான். பாதை வளைந்து வளைந்து மேலே போனதே தவிர முடிகிற பாடாய் இல்லை. ஏறிப் பழகின மனிசன் பைக்குள் கிடக்க, பழகாதவள் மூச்சு வாங்கிச் சுமந்தாள்.

"இந்தக் கோதாரிக்கோ அரிசி சுமந்தனீங்கள்?" என்று பையைப் பார்த்து ஏசினாள். ஏசி முடிய அழுகை வந்தது.

உச்சிக்குக் கிட்ட பிரசாந்தினி நின்றாள். "இஞ்சை பாருங்கோ அம்மா. கையை வைச்சுப் பாருங்கோ."

பாறை முழுக்கச் சிப்பிகள். அவற்றுக்கிடையே அரிசிமணிபோல் சின்னச் சின்னதாய் வேறேதோ, அள்ளிக் கொட்டினமாதிரி. அவையும் கடலில் உயிரோடு இருந்தவைதான் என்றாள் மகள். இந்த மலை முழுவதும் ஒருகாலம் கடலுக்குக் கீழே கிடந்ததாம். சந்திரவதனாவுக்கு அவர் வாயில் போட்ட வாய்க்கரிசி நினைவுக்கு வந்தது. பிறகு பையை இறக்கி, பாறை வெடிப்பில் சாம்பலைக் கொட்டினாள். கரைப்பதென்றால் தண்ணீர் வேண்டுமே. தன் போத்திலைத் திறந்து ஊற்றத் தொடங்கினாள்.

"அம்மா! இறங்கேக்கை என்ன குடிப்பீங்கள்? என்னட்டையும் கொஞ்சம்தான் கிடக்கு!"

அவள் நிறுத்தவில்லை. போத்தில் காலியாகும்வரை ஊற்றினாள். மகளிடம் இருந்த தண்ணீரை ஒரு மிடறுகூட வாங்கவில்லை. கீழே வந்து சேர்ந்தபோது நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கிடந்தது.

"சவுத்எண்ட் எண்டு சொல்லுங்கோ. மாமி என்ன, போய்ச் செக் பண்ணப்போறாவே?" என்று, மச்சாளுக்குச் சொல்லவேண்டிய பொய்யைப் பிளேனில் வரும்போது பிரசாந்தினி சொல்லிக் கொடுத்தாள். நல்ல யோசனைதான். ஆனால் வெள்ளிக்கிழமை மச்சாள் ரயில் மாறி மாறி வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், "என்ரை தம்பி எங்கை?" என்று கேட்டபோது சந்திரவதனாவுக்குப் பொய் வரவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

"மலையிலையோ?" மச்சாளின் முகம் கறுத்துவிட்டது. "பச்சைத் தண்ணி இல்லாத இடத்திலையோ அவனை விட்டிட்டு வந்தனீ?"

சந்திரவதனா போனிலிருந்த பாறைப் படத்தை நீட்டினாள். மச்சாள் கண்ணாடியைத் தேடிப் போட்டார், விரலால் பெரிதாக்கினார்.

"இது மட்டிச் சிப்பிதானே?"

"அதைப்போல ஒண்டு மச்சாள். கடலிலை இருந்ததுதான். அந்த மலையே கடலாம்."

"இப்ப தண்ணி எங்கை?"

"வத்திப்போச்சு. நான் குடிக்கக் கொண்டுபோன தண்ணியிலைதான் கரைச்சனான்."

"முழுக்கவோ?"

"ஓம்."

"அப்ப இறங்கேக்கை நீ?"

சந்திரவதனா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

மச்சாள் எழும்பினார். வாசலுக்குத்தான் போகிறார் என்று சந்திரவதனா நினைத்தாள். குசினியில் பைப் திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் தண்ணீர்க் கிளாஸை அவள் கையில் வைத்து அமத்தினார்.

"குடி," என்றார். "ஞாயிறு எத்தினை மணிக்கு ஐயர் வாறார்?"