ஐந்தாவது ஓட்டை

எடை பார்க்கும் தட்டில் வண்டியை ஏற்றியதும் சிவப்பு எண்கள் இரண்டு முறை தடுமாறிவிட்டு, நாற்பது கிலோ எண்பத்தைந்து கிராமில் நின்றன. அணியின் நான்கு பேருக்கும் முகம் தொங்கிப்போயிற்று. பள்ளி மாணவர்கள் தங்கள் கையால் செய்த பேட்டரி வண்டிகளுக்கான போட்டி அது. ஓட்டுபவரைச் சேர்க்காமல் வண்டி நாற்பது கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஒரு கிராம் தாண்டினாலும் கடைசி வரிசைதான். போன வருடம் கடைசி வரிசையிலிருந்து கிளம்பி, முன்னால் போனவர்களின் புழுதியைத் தின்றுவிட்டு வீடு திரும்பியவர்கள் இவர்கள்.

எல்லோர் பார்வையும் கிராம் என்ற பையன் மேல் திரும்பியது. அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிப் பதிவேட்டில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வண்டியின் எடைக்கு அவன்தான் பொறுப்பு என்பதால் அணியில் எல்லோரும் அவனை கிராம் என்றே கூப்பிட்டார்கள். போல்ட், நட்டு எல்லாவற்றையும் தராசில் வைத்துப் பார்த்த பிறகே வண்டியில் சேர்ப்பான். ஒருமுறை பெயின்ட் இரண்டு கோட் ஆகிவிட்டது என்று ஒரு கோட்டைச் சுரண்டச் சொல்லி, எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

"ஸ்கூல் தராசுல முப்பத்தொன்பது தொள்ளாயிரத்து எழுபதுதான் காட்டுச்சு" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"இங்க அந்தத் தராசையா கொண்டு வந்திருக்காங்க?" என்றாள் கேப்டன். அவளுக்கு இது மூன்றாவது வருடம், கடைசி வருடமும் கூட. "கால் மணி நேரம் குடுத்திருக்காங்க. எதையாவது கழட்டுங்க."

அலங்கார ஸ்டிக்கர்களை உரித்தார்கள். டேப்பைக் கிழித்தார்கள். ஒயர்மேன், அதாவது வயரிங் வேலை முழுவதையும் பார்த்த பையன், வயர்களைக் கட்டிய பிளாஸ்டிக் பட்டைகளின் நீட்டிக்கொண்டிருந்த வால்களையெல்லாம் ஒட்ட நறுக்கினான். மறுபடி ஏற்றியபோது ஐந்து கிராம் அதிகம். வெறும் ஐந்து கிராம். ஊதினால் பறக்கும் எடை அது, ஆனால் அன்றைக்கு ஊதினாலும் போகவில்லை.

"நீங்க போய் வரிசையில இடம் பிடிங்க. வண்டிய ரெண்டு நிமிஷம் என்கிட்ட விடுங்க" என்றான் கிராம்.

அவன் கண்ணில் பட்டது பிரேக் பெடல். அலுமினியத் தகட்டில் வெட்டிய, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான பெடல். அதில் ஏற்கனவே நான்கு ஓட்டைகள் இருந்தன. எடை குறைக்க ஓட்டை போடுவது இந்த அணியின் வழக்கம். யார் போட்டார்களோ அவர்கள் பக்கத்தில் தங்கள் எழுத்தை மார்க்கரால் எழுத வேண்டும் என்பதும் வழக்கம். வேலையைச் செய்தவர் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்று பள்ளிப் பட்டறை சார் முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் பெடலில் 'கே', 'ஒ', 'கி', 'பை' என்று நான்கு எழுத்துகள் இருந்தன. கடைசி எழுத்து பைலட்டுடையது. பைலட் என்றால் வண்டி ஓட்டுபவள், நாற்பத்தொரு கிலோ, கிராமின் சொந்தத் தங்கச்சி.

இன்னொரு விதியும் இருந்தது. அது போட்டி நடத்துபவர்களின் விதி. முதல் நாள் பரிசோதகர் பார்த்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு, கேபிளை முடுக்குவது தவிர பிரேக், ஸ்டீரிங், சீட் பெல்ட் மூன்றையும் யாரும் தொடக் கூடாது. தொட்டால் அணியே வெளியே. கிராமுக்கு இது தெரியாமல் இல்லை. ஐந்து கிராமுக்கு முன்னால் அவனுக்கு வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஒரு பின்னை உருவினால் பெடல் கையோடு வந்துவிடும். சுற்றிலும் எல்லாக் கூடாரத்திலும் டிரில் இரைந்துகொண்டிருந்ததால் இவன் டிரில் சத்தம் யாருக்கும் தனியாகக் கேட்கவில்லை. கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஐந்தாவது ஓட்டை. அவசரத்தில் டிரில் வழுக்கி, ஓட்டை ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது. அந்தப் பக்கம் மிச்சமிருந்தது மூன்று மில்லிமீட்டர்தான். பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அரத்தை எடுத்து ஓரத்தை வழவழவென்று இழைத்தான். இழைக்க நேரம் இருந்தவனுக்கு யோசிக்க நேரம் இல்லாமல் போய்விட்டது. எழுத்து மட்டும் எழுதவில்லை.

தராசு நாற்பது என்று காட்டியது. ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கேப்டன் அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள். "எதைடா கழட்டின?"

"சீட்டுக்கு அடியில ரெண்டு போல்ட் நீளமா இருந்துச்சு. அறுத்துட்டேன்."

பொய் இவ்வளவு சுலபமாக வாயில் வரும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

ஓட்டிப் பார்க்க மூன்று சுற்று அனுமதித்தார்கள். தங்கச்சி போய்விட்டு வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னாள். "பிரேக் கொஞ்சம் மெத்துன்னு இருக்கு."

"கேபிள் இழுத்திருக்கும்" என்று ஒயர்மேன் திருகி முடுக்கினான். கேபிள் இல்லை, வளைவது பெடல் என்று கிராமுக்கு மட்டும் தெரியும். சம்மதப் படிவத்தில் அம்மா கையெழுத்துப் போட மறுத்துப் பேனாவை மூடி வைத்தபோது, "பிரேக்கு என் பொறுப்பும்மா" என்று சொல்லி அந்த மூடியைத் திறந்து கொடுத்தவன் இவன்.

கிளம்பும் கோட்டில் தங்கச்சியின் தோளில் பெல்ட்டை இழுத்து மாட்டினான்.

"கை ஏன்டா நடுங்குது?"

"உனக்காகப் பயம்."

"நீ பயப்படாத. நான்தானே ஓட்டப்போறேன்" என்று சிரித்தாள். பிறகு காலடியில் பெடலை ஒரு பார்வை பார்த்தாள். அவனையும் பார்த்தாள். அப்போதாவது அவன் வாயைத் திறந்திருக்கலாம். பெல்ட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான். கொடி இறங்கிவிட்டது.

இருபது சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடத்தில் பிரேக் பிடித்தாக வேண்டும். முதலாவது இறக்கத்தின் அடியில் இருக்கும் வளைவு. அதற்கு நேர் எதிரே கான்கிரீட் சுவர், சுவருக்கு முன்னால் ஒப்புக்கு இரண்டு அடுக்கு டயர். ஐந்தாவது சுற்றில் தங்கச்சி இரண்டாம் இடத்துக்கு வந்தாள். எட்டாவதில் முதலிடம். கேப்டன் தொண்டை கிழியக் கத்தினாள். ஒயர்மேன் தன் தொப்பியையே கடித்துக்கொண்டிருந்தான். கிராம் வண்டியைப் பார்க்கவே இல்லை. இறக்கத்தில் மோட்டார் சத்தம் அடங்கும் நொடியை மட்டும் காதால் பிடித்து, விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் உயிர் போய்த் திரும்பி வந்தது.

ஒன்பதாவது சுற்று முடிந்ததும் அவனால் தாங்க முடியவில்லை. கயிற்றைத் தாண்டி ஓடி, கொடி வைத்திருந்தவர் கையைப் பிடித்தான். "ஏழாம் நம்பர நிறுத்துங்க! பிரேக் பெடல்ல ஓட்டை போட்டிருக்கேன். ஸ்டிக்கர் ஒட்டினதுக்கு அப்புறம் போட்டேன்."

முன்னால் போய்க்கொண்டிருந்த வண்டிக்கு, வெளியேறச் சொல்லும் கறுப்புக் கொடி காட்டினார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கேப்டனுக்குப் புரிந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பரிசோதகர் அம்மாள் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பெடலைப் பார்த்தார். அழுத்தியும் பார்த்தார். "இப்போதைக்குத் தாங்குது" என்றார். "ஆனா பிரேக்கைத் தொட்டா வெளியதான்ப்பா. நீயா வந்து சொன்ன, அதனால அடுத்த வருஷம் உங்க ஸ்கூல் வரலாம்." அதைக் கருணையோடுதான் சொன்னார். அடுத்த வருடம் பள்ளியில் இருக்கப்போவது தங்கச்சி ஒருத்திதான். பட்டறை சார் எழுதிக் கொடுக்க வேண்டியதை எழுதிக் கொடுக்க, நடுவர்களின் மேசைக்குப் பரிசோதகர் பின்னால் போனார். போகும்போது கிராமைப் பார்க்கவில்லை.

கூடாரத்துக்குள் முதலில் பேசியவன் ஒயர்மேன். "தாங்குதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. தாங்குறதுக்குப் போய் நம்மளைக் கவுத்துட்டியேடா."

"போடும்போது எங்க போச்சு இந்தப் பயம்?" என்றாள் கேப்டன். "போட்டா வாய மூடிட்டு இருக்கணும். இல்லன்னா போடவே கூடாது. நீ ரெண்டையும் செய்யல." அவள் அழுகையை அடக்கியதில் குரல் பிசிறியது. "மிச்சம் பதினோரு சுத்து. இருபத்திரண்டு பிரேக். வைஸ்ல மாட்டு அதை. எண்ணிடலாம். இருபத்திரண்டும் தாங்குச்சுன்னா இனிமே என் மூஞ்சிலயே முழிக்காத."

பெடலின் அடிப்பாகத்தை மேசையில் இருந்த வைஸ் என்ற இரும்புப் பிடிக்குள் வைத்து இறுக்கினார்கள். கேப்டன் காலைத் தூக்கப் போனபோது தங்கச்சி அவளை விலக்கினாள்.

"நான்தானே மிதிக்க வேண்டியது" என்றாள்.

ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்து, வண்டியில் மிதிப்பது போலவே மிதித்தாள். கேப்டன் எண்ணினாள். ஐந்து வரை கேலியாக எண்ணினாள். பத்து வரை கோபமாக எண்ணினாள். ஒயர்மேனும் சேர்ந்துகொண்டான். பதினைந்து. கிராம் கூடாரத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். தாங்கட்டும் என்று வேண்டிக்கொண்டான். உடைந்தால் அவன் சொன்னது சரி என்றாகும். அது அவனுக்கு வேண்டவே வேண்டாம். தான் முட்டாள் என்று ஆகிவிட்டால் போதும், தன் தங்கச்சியைச் சுவரில் மோத அனுப்பியவனாக ஆக வேண்டாம். பதினாறு.

பதினேழாவது மிதியில் காய்ந்த குச்சி முறிவது போல ஒரு சின்னச் சத்தம். பெடலின் மேல்பாதி தரையில் விழுந்து, இரண்டு முறை துள்ளி, ஒயர்மேன் காலடியில் போய் நின்றது. ஐந்தாவது ஓட்டை சரிபாதியாகப் பிளந்திருந்தது.

ஒயர்மேன்தான் கணக்குப் போட்டான். போட வேண்டாம் என்று நினைத்தும் வாய் சொல்லிவிட்டது. "பதினெட்டாவது சுத்து. முதல் பிரேக்கு."

முதல் பிரேக் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கூடாரத்து வாசலிலிருந்து பார்த்தால் அந்தச் சுவர் தெரிந்தது.

கேப்டன் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கிராம் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். தங்கச்சி ஸ்டூலிலிருந்து இறங்கி, விழுந்த துண்டை எடுத்து, உடைந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"காலையிலயே பார்த்தேன்" என்றாள். "ஏறும்போது. அஞ்சு ஓட்டை இருந்துச்சு. அஞ்சாவதுக்கு எழுத்து இல்ல."

"பார்த்தியா? பார்த்துட்டா ஏறுன?" என்றாள் கேப்டன்.

"ஓரம் இழைச்சிருந்துச்சு. இப்படி இழைக்கிறது அண்ணன் மட்டும்தான். வேற யாராவது போட்டிருந்தா இறங்கியிருப்பேன்." அவள் அண்ணனைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். "நீ போட்டதுன்னு தெரிஞ்சுதான்டா ஏறுனேன்."

கிராம் வாய்விட்டு அழுதான். பதினேழு வயதுப் பையன், அணியின் முன்னால், மூக்கு ஒழுக அழுதான். யாரும் தட்டிக் கொடுக்கவில்லை. திட்டவும் இல்லை.

தங்கச்சி கருவிப் பெட்டியில் தேடி மார்க்கரை எடுத்தாள். மூடியைத் திறந்து அவன் கையில் திணித்து, உடைந்த துண்டை அவன் முன்னால் பிடித்தாள்.

"எழுத்தைப் போடு."

பாதி ஓட்டைக்குப் பக்கத்தில் 'கி' என்று எழுதினான். அவள் நகரவில்லை. வைஸில் மாட்டியிருந்த மறு பாதியைக் காட்டினாள்.

"அதுலயும் போடு."