நெஞ்சுப் பட்டை

என் தம்பியை அறைய வேண்டும். அதுவும் வலது கையால். பக்கவாதம் வந்து ஏழு மாதமாக அந்தக் கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இடது கையால் அறைந்தால் எனக்குத் திருப்தி வராது.

பட்டறையில் என் லேத் மெஷினில் இப்போது நிற்பவன் அவன்தான். கை அசைவுக்கு நூற்றுக்கு எழுபது வந்தால் மெஷின் திரும்ப எனக்கு, வராவிட்டால் அவனுக்கே என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். இன்று அளவெடுக்கும் நாள். ஆஸ்பத்திரிக்கு என்னை அழைத்து வந்ததும் அவன்தான், வேறு நாதியில்லை.

பிசியோதெரபி மேடம் என் முன்கையைப் பயிற்சி கொடுக்கும் ரோபோவின் கையோடு கட்டினார். மற்ற நாட்களில் கை பாதியில் நின்றால் அது தள்ளிவிடும். இன்று அளக்க மட்டும் செய்யும். திரையில் ஒரு பச்சை வட்டம், கையை நீட்டி அதை எட்ட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டினேன். மேடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்து நான்கு!

தம்பி முகத்தில் ஈயாடவில்லை. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

"மேடம், அண்ணன் கையை நீட்டல," என்றான். "உடம்பைத்தான் சாய்க்கிறாரு. வீட்ல டம்ளர் எடுக்கும்போதும் இப்படித்தான்."

கூடவே இருந்து குழி பறிப்பது என்றால் இதுதான். மேடம் உடனே ஒரு பட்டையை எடுத்து வந்து என் நெஞ்சை நாற்காலியோடு இறுக்கிக் கட்டினார். மறுபடி நீட்டினேன். முப்பத்தொன்று.

"போதுமாடா? மெஷின் உனக்குத்தான். சந்தோஷமா போய் நில்லு!"

"சுத்துற மெஷின் மேல இப்படிச் சாய்ஞ்சா சட்டையோட இழுத்துடும்ணா. எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதானே?"

உண்மைதான். தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்தவன் நான். அதனால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன்.

மேடம் பட்டையை அவிழ்க்க வந்தார்.

"வேண்டாம்மா, இன்னும் இறுக்குங்க. திரையை அணைச்சிடுங்க. டேய், எதிர்ல வந்து உட்காரு. கன்னத்தைக் காட்டு."

உட்கார்ந்தான். நீட்டினேன். கை நடுங்கிக்கொண்டே போய் நின்றுவிட்டது. என் விரலுக்கும் அவன் கன்னத்துக்கும் நடுவே ஒரு ஜாண் இருந்தது. மேடம் டேப் வைத்து அளந்து குறித்துக்கொண்டார். பாவி, முகத்தை இம்மிகூட முன்னால் கொண்டுவரவில்லை.

"அடுத்த வாரமும் இதே இடத்துல நீதான் உட்காரணும். ஓடிப் போனா கொன்னுடுவேன்."

"வர்றேன்," என்றான். "சாயாம எட்டுச்சுன்னா அடிச்சுக்கோ. அன்னிக்கே மெஷினையும் விட்டுடறேன்."